இருவர் எழுதும் பாட்டு, ஒருவர் பாடும் மேடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களில் ஒருவர் வரிகள் எழுதுபவர். மற்றவர் மெட்டமைத்து ஒலிப்பதிவைக் கவனிப்பவர். புதிய பாடகர்களின் முதல் பாடல்களை அவர்களோடு சேர்ந்து உருவாக்குவதும், மேடைக்கான இசை நாடகங்களை எழுதுவதும் எங்கள் தொழில். பாட வருபவர்களும், அவர்களுடைய பெற்றோரும், நாடகம் எழுத விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம்.

உங்களைத் ‘தயாரிப்பாளர்கள்’ என்று சொல்லிக்கொள்கிறீர்கள். நீங்கள் பணம் போடுபவர்களா?

இல்லை. ஒரே சொல் இரண்டு வேலைகளைக் குறிப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. திரைப்படத்திலும் நாடகத்திலும் தயாரிப்பாளர் என்பவர் முதலீட்டைத் திரட்டி, ஆட்களை அமர்த்தி, லாப நட்டத்துக்குப் பொறுப்பேற்பவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. எந்தச் சுருதியில் பாடுவது, என்ன வேகத்தில் போவது, எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைவது, பாடிய பத்து பதிவுகளில் எதை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் இசைத் தயாரிப்பாளர். நாங்கள் இந்த இரண்டாம் வகையினர்.

பாடலை எழுதியவர்களே அதன் பதிவையும் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவில் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இருவர் 1953இல் தங்களுக்கென ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள்; பிறகு அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு வெளியிலிருந்து பாடல்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தாள்களில் எழுதிக் கொடுத்த பாட்டு பிறர் கையில் வேறொன்றாக மாறிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவின் நியாயம் புரியும்.

முதல் வகைத் தயாரிப்பையும் எழுத்தாளர்கள் செய்ததுண்டு. அமெரிக்க இசை நாடகங்களுக்கு மெட்டமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் வரிகள் எழுதிய ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனும் தங்கள் நாடகங்களோடு நில்லாமல், 1946இல் இர்விங் பெர்லின் பாடல்கள் எழுதிய ஓர் இசை நாடகத்தையும் தயாரித்தார்கள். இன்னொருவருடைய பாட்டுக்காக மேடை கட்டிக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.

வரிகள் முதலில் பிறக்கின்றனவா, மெட்டு முதலில் பிறக்கிறதா?

இரண்டும் நடக்கும். சற்றுமுன் சொன்ன ராட்ஜர்ஸ் இரு வழியிலும் வேலை செய்தவர். வரிகள் எழுதிய லாரன்ஸ் ஹார்ட்டோடு இணைந்திருந்த ஆண்டுகளில் பெரும்பாலும் ராட்ஜர்ஸின் மெட்டு முதலில் வந்தது. ஹேமர்ஸ்டைனோடு சேர்ந்தபின் வரிகள் முதலில் வந்தன. அந்த வேறுபாடு காதுக்கே தெரியும்: முன்னவற்றில் மெட்டின் துள்ளலுக்கேற்ப எதுகைகள் விளையாடுகின்றன, பின்னவற்றில் பேச்சின் நடை மெட்டை இழுத்துச் செல்கிறது. ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானுக்கு வரிகள் எழுதும் பெர்னி டாப்பின் பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். மெட்டு வேறோர் அறையில் பிறக்கும்.

எங்கள் வழக்கம், தனிப்பாடலுக்கு மெட்டு முதலில், மேடைப் பாடலுக்கு வரி முதலில் என்பதாகும். தனிப்பாடலில் பாடகரின் குரல் எங்கே அழகாக நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதற்குப் பொருளற்ற ஒலிகளால் மெட்டைப் பாடும் தத்தகாரமே போதும். மேடையிலோ பாத்திரம் என்ன சொல்லத் துடிக்கிறது என்பது தெரியாமல் ஒரு சுரம்கூட நகராது.

மெட்டுக்கு எழுதும் புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. நீளமாக ஒலிக்கும் சுரத்தில் குறிலைக் கொண்டுபோய் வைத்தால் ‘மலை’ என்பது ‘மாலை’ ஆகிவிடும். ‘படம்’ என்பது ‘பாடம்’ ஆகிவிடும். எழுதியவருக்கு அது தெரியாது, ஏனென்றால் தாளில் சரியாகத்தான் இருக்கும். பாடிக் காட்டியபின்தான் பிழை வெளிப்படும். அதனால் எங்களில் வரி எழுதுபவர், எவ்வளவு கரகரத்த குரலானாலும், தம் வரிகளைத் தாமே ஒருமுறை பாடிப் பார்க்காமல் மற்றவரிடம் தருவதில்லை.

ஒருவரே இரண்டையும் செய்துவிட முடியாதா?

முடியும், மிகச் சிறப்பாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். எங்களால் முடியவில்லை. தன் வரியில் எது பலவீனம் என்று எழுதியவருக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது. அதைச் சொல்ல எதிரில் ஒருவர் இருப்பது எங்களுக்குத் தேவைப்படுகிறது.

புதிய பாடகரை ‘உருவாக்குவது’ என்றால் என்ன செய்கிறீர்கள்?

அந்தச் சொல்லை நாங்கள் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் குரல் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. நாங்கள் செய்வது, அந்தக் குரலுக்கு எது இயல்பு என்று கண்டறிந்து, அதற்கேற்ற பாடலை எழுதித் தருவது.

முதல் சில வாரங்கள் நாங்கள் எதையும் எழுதுவதில்லை. அவர் பேசுவதையும், மற்றவர்களின் பாடல்களைப் பாடுவதையும், களைப்பாக இருக்கும்போது எப்படிப் பாடுகிறார் என்பதையும் கேட்கிறோம். அவரால் எட்ட முடிந்த மிக உயரமான சுரம் எது என்று எல்லோரும் கேட்பார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியம், அவர் குரல் முயற்சியின்றித் தங்கியிருக்கும் ஐந்தாறு சுரங்கள் எவை என்பது. பாடலின் பெரும்பகுதி அங்கேதான் நடக்க வேண்டும். உச்சத்தை ஓரிரு முறை தொட்டால் போதும். தொடக்க காலத்தில் ஒரு பாடகிக்கு அவருடைய உச்ச சுரத்தைச் சுற்றியே பல்லவியை அமைத்துவிட்டோம். பதிவில் அது மின்னியது. நேரடி நிகழ்ச்சியில் மூன்றாவது பாடலாக அதைப் பாடியபோது குரல் உடைந்தது, அவர் அழுதார். தவறு முழுவதும் எங்களுடையது. அன்றிலிருந்து எந்தப் பாடலையும் பாடகர் தொடர்ந்து மூன்று முறை சிரமமின்றிப் பாட முடிந்தால்தான் அதன் சுருதியை உறுதிசெய்கிறோம்.

குரலுக்கு அப்பால், மேடையில் நிற்பது, நடப்பது, பேட்டி கொடுப்பது ஆகியவையும் கற்பிக்கப்பட வேண்டியவை. 1959இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் இதற்கெனத் தனிப் பிரிவே வைத்திருந்தது. நடையுடை பாவனைக்கு மேக்சின் பவல், நடன அசைவுகளுக்கு சோலி அட்கின்ஸ் என்று ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்த நிறுவனத்தில் பாடல் எழுதிய நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்டு, வேலரி சிம்ப்சன் இணை, குழுவிலிருந்து பிரிந்து தனித்துப் பாடத் தொடங்கிய பாடகி டயானா ராஸின் 1970ஆம் ஆண்டு முதல் தொகுப்பைத் தயாரித்தது. எழுதுபவர்களே உடனிருந்து ஒரு குரலை அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் சென்றதற்கு அது நல்ல உதாரணம்.

தமிழ் மேடைக்கும் இது புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் பாட்டும் வசனமும் நடிப்பும் ஒரே இடத்தில், ஒரே ஆசிரியரிடமிருந்து சிறுவர்களுக்குக் கிடைத்தன. மகரக்கட்டு வந்து குரல் உடையும் பருவத்தில் அந்தச் சிறுவர்கள் பட்ட துன்பத்தையும் மறக்கக் கூடாது. பருவ வயதில் இருக்கும் பாடகர்களை நாங்கள் அவசரப்படுத்தாததற்கு அதுவே காரணம்.

பாட வராத, எழுத மட்டுமே விரும்பும் இளைஞர்களுக்கும் வழிகாட்டுவீர்களா?

ஆம். ஹேமர்ஸ்டைன் தம்மிடம் வந்த, பின்னாளில் புகழ்பெற்ற இசை நாடகப் படைப்பாளியான, இளம் ஸ்டீபன் சாண்ட்ஹைமுக்குக் கொடுத்த பயிற்சியையே நாங்களும் கொடுக்கிறோம். நான்கு இசை நாடகங்கள் எழுத வேண்டும்: முதலாவது, தான் வியக்கும் ஒரு நாடகத்தை வைத்து, இரண்டாவது, பிடித்திருந்தாலும் குறையுள்ளதாகத் தோன்றும் ஒரு நாடகத்தை வைத்து, மூன்றாவது, அதுவரை நாடகமாக்கப்படாத ஒரு கதையை வைத்து, நான்காவது, முழுக்கத் தன் கற்பனையில். இந்த வரிசையில் உள்ள அறிவு வியப்பளிக்கிறது. முதலாவதில் நல்ல கட்டுமானம் எப்படி நிற்கிறது என்று தெரியும்; இரண்டாவதில் அதைப் பழுதுபார்க்கக் கற்பீர்கள்; கதையை முற்றிலும் புதிதாகப் படைக்கும் சுமை கடைசியில்தான் தோளில் ஏறுகிறது. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நான்காவதிலிருந்து தொடங்க விரும்புகிறார்கள். முதல் காட்சி முடியுமுன்பே அவர்கள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம்.

தனிப்பாடலுக்கும் இசை நாடகப் பாடலுக்கும் என்ன வேறுபாடு?

தனிப்பாடல் ஒரு மனநிலையில் தங்கலாம். காதல் தோல்வியில் தொடங்கிக் காதல் தோல்வியிலேயே முடியலாம். கேட்பவர் அந்த மனநிலைக்குள் திரும்பத் திரும்ப வந்து உட்காருவார். மேடைப் பாடலுக்கு அந்த உரிமை கிடையாது. பாடத் தொடங்கும்போது பாத்திரம் நின்ற இடமும் முடிக்கும்போது நிற்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும்: ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓர் உண்மை வெளிப்பட்டிருக்க வேண்டும், அல்லது எதிரில் இருப்பவர் மனம் மாறியிருக்க வேண்டும். எங்கள் ஒத்திகையில் ஒரு சோதனை உண்டு. பாட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு முன் காட்சியையும் பின் காட்சியையும் நேரடியாக ஒட்டி நடிக்கச் சொல்வோம். கதைக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றால், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அந்தப் பாட்டு அங்கே இருக்கத் தேவையில்லை.

இரண்டாவது வேறுபாடு, மேடைப் பார்வையாளர் அதை ஒரே ஒருமுறைதான் கேட்கிறார். நிறுத்தித் திரும்பக் கேட்க வழியில்லை. ஆகவே முக்கியமான செய்தியை வேகமான சொற்கூட்டத்தில் ஒளித்து வைக்கக் கூடாது. உச்ச சுரத்தில் நீட்டிப் பாட வேண்டிய அசையில் ‘ஆ’, ‘ஓ’ போன்ற திறந்த ஒலிகள் வருவது நல்லது. ‘க்’, ‘ட்’, ‘ற்’ என்று அடைத்து முடியும் அசையை யாராலும் நீட்ட முடியாது.

மூன்றாவது, முதல் பாட்டு. நாடகம் எத்தகையது, இங்கே சிரிக்கலாமா அழ வேண்டுமா என்பதை அது பார்வையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். 1962இல் சாண்ட்ஹைம் இசையமைத்த ஒரு நகைச்சுவை நாடகம், முறையான தொடக்கத்துக்கு முன் நடத்தும் முன்னோட்டக் காட்சிகளில் தடுமாறியது. மென்மையான காதல் பாட்டோடு தொடங்கியதால், வந்தவர்களுக்குப் பின்னால் வரும் அமளிக்குச் சிரிக்கலாம் என்பதே தெரியவில்லை. இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்று நகைச்சுவை என்று வெளிப்படையாக அறிவிக்கும் புதிய தொடக்கப் பாட்டை எழுதச் சொன்னார். அதன்பின் அந்த நாடகம் பெருவெற்றி பெற்றது. தொடக்கப் பாட்டை நாங்கள் எப்போதும் கடைசியில்தான் எழுதுகிறோம். நாடகம் எதுவென்று அப்போதுதான் எங்களுக்கே முழுமையாகத் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே புகழ்பெற்ற தனிப்பாடல்களைக் கோத்து நாடகமாக்கலாமா?

ஆக்கலாம், இரண்டு வழிகள் உள்ளன. பென்னி ஆண்டர்சனும் பியோர்ன் உல்வேயஸும் தங்கள் ஸ்வீடன் பாப் குழுவான அபாவுக்காக எழுதிய பாடல்களைச் சுற்றிக் கேத்தரின் ஜான்சன் புதிய கதை ஒன்றைப் பின்னினார்; ‘மம்மா மியா!’ என்ற அந்த நாடகம் 1999இல் லண்டனில் மேடையேறியது. லீபர், ஸ்டோலர் பாடல்களைக் கொண்டு 1995இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் வந்த ‘ஸ்மோக்கி ஜோஸ் கஃபே’ வேறு வழியில் சென்றது: கதையும் வசனமும் இல்லாமல் பாடல்களை மட்டுமே வரிசையாக நிகழ்த்தியது, 2,000 காட்சிகளுக்கு மேல் ஓடியது.

கதையோ பாடலோ ஒன்று மற்றொன்றுக்காக வளைய வேண்டியிருந்தால் இரண்டாவது வழியே நேர்மையானது என்பது எங்கள் கருத்து. பாடலில் வரும் ஒரு பெயருக்காகவே பாத்திரத்துக்குப் பெயர் வைக்க நேர்ந்தால், அங்கே நிறுத்தி யோசியுங்கள்.

நாடகத்தை மேடையேற்றப் பணமில்லை. முதலில் பாடல்களைப் பதிவு செய்து வெளியிடலாமா?

தாராளமாக வெளியிடலாம். மெட்டமைத்த ஆண்ட்ரூ லாய்ட் வெபரும் வரிகள் எழுதிய டிம் ரைஸும் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நாடகத்தை 1970இல் இசைத்தட்டாக வெளியிட்டபின் 1971இல்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள்; ‘எவிட்டா’வும் 1976இல் இசைத்தட்டாகவும் 1978இல் மேடையிலும் வந்தது. அவர்களுடைய முந்தைய படைப்பு ஒன்று, 1968இல் ஒரு பள்ளிச் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட மிகக் குறுகிய பாடல் நிகழ்ச்சியாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து முழு நாடகமானது. சிறிய மேடையை யாரும் இகழ வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பதிவில் நன்றாக ஒலிப்பதெல்லாம் மேடையில் நிற்காது. டிம் ரைஸோடு ஆண்டர்சனும் உல்வேயஸும் எழுதிய ‘செஸ்’ 1984இல் பாடல் தொகுப்பாகப் பெரிதும் விரும்பப்பட்டது. 1986இல் லண்டன் மேடைக்கு வந்தபோதும், 1988இல் நியூயார்க்குக்குச் சென்றபோதும் கதையமைப்பு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தது. பாடல்கள் முதலில் உறைந்துவிட்டால் கதை அவற்றைச் சுற்றி வளைந்து ஓட வேண்டியிருக்கும்.

எழுதி முடித்த நாடகம் மேடைக்கு வரும்வரை என்னென்ன நடக்கும்?

முதலில் வாசிப்பு: நடிகர்கள் நாற்காலிகளில் அமர்ந்து, கையில் பிரதியோடு, ஒரு பியானோ அல்லது கீபோர்டு துணையுடன் படித்துப் பாடுவார்கள். அடுத்தது பட்டறை: சில வாரங்கள் எழுந்து நின்று நடித்துப் பார்த்து, ஒவ்வொரு நாளும் மாற்றி எழுதுவது. நியூயார்க்கில் 1974, 1975ஆம் ஆண்டுகளில் நடனக் கலைஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசிய ஒலிப்பதிவுகளிலிருந்து ‘எ கோரஸ் லைன்’ இவ்வாறுதான் வளர்ந்தது. அதன் வெற்றிக்குப் பிறகு பட்டறை முறை எங்கும் பரவியது. பிறகு சிறிய அரங்கில் முன்னோட்டக் காட்சிகள். 1943இல் வரலாறு படைத்த ‘ஓக்லஹோமா!’ முன்னோட்டத்தின்போது வேறு தலைப்பில் நடந்தது. ஒரு பாட்டு வளர்ந்து, அதுவே நாடகத்தின் தலைப்பாகவும் ஆயிற்று.

மொத்தம் எவ்வளவு காலம் என்று கேட்டால், ஐந்தாண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக முடிந்தால் மகிழ்ச்சி.

பெயரும் வருமானமும் எப்படிப் பிரிக்கப்படுகின்றன?

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படாதீர்கள். பாட்டு எழுதி முடித்தபின் பேசினால் நட்பு கெடும். எழுதுமுன் பேசினால் கெடாது.

ஒரு தனிப்பாடலில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் மற்றொன்று. முதலாவது எழுதியவர்களுடையது, இரண்டாவது பெரும்பாலும் பதிவுக்குப் பணம் போட்டவருடையது. எங்கள் இருவருக்குள், யார் எவ்வளவு எழுதினாலும், பாதிக்குப் பாதி. பாடகர் ஒரு வரியையோ மெட்டின் ஒரு பகுதியையோ உண்மையிலேயே உருவாக்கியிருந்தால் அவருக்கும் எழுதியவர் என்ற பெயரும் பங்கும் உண்டு. பாடியதற்காக மட்டும் எழுத்துப் பங்கு கேட்பதை நாங்கள் ஏற்பதில்லை.

இசை நாடகத்தில் மூன்றாவது ஒருவர் சேர்கிறார்: கதை வசனம் எழுதுபவர். வசனம், வரி, மெட்டு மூன்றுக்கும் சமபங்கு என்பது பரவலான வழக்கம். பாடல்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் பார்வையாளர்கள் வசனகர்த்தாவின் பெயரைக் கேட்பதுகூட இல்லை. ஆனால் பாடல் எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்று இடம் அமைத்துத் தருபவர் அவர்தான். மேலும், தனிப்பாடல் வானொலியில் ஒலிப்பதற்குக் காப்புரிமைச் சங்கங்கள் தரும் பொது உரிமம், அந்தப் பாடலைக் கதையின் பகுதியாக மேடையில் நடித்துக் காட்டுவதற்குப் பொதுவாகச் செல்லாது. நாடக உரிமையை எழுதியவர்களிடமிருந்தோ அவர்களுடைய பிரதிநிதியிடமிருந்தோ தனியாகப் பெற வேண்டும்.

எழுத்தில் வைக்காததால் வந்த துயரத்துக்கு ‘ரென்ட்’ நாடகமே சாட்சி. அதை எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், 1996 ஜனவரியில் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த நாளின் அதிகாலையில் காலமானார். பிரதியைத் திருத்துவதில் அவரோடு உழைத்த நாடக ஆலோசகர், தாமும் இணையாசிரியர் என்று வழக்குத் தொடுத்தார். உழைப்பு இருந்தால் மட்டும் போதாது, இருவருமே ஒருவரையொருவர் இணையாசிரியராகக் கருதியிருக்க வேண்டும் என்று சொல்லி, 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதைவிட எங்களை உறுத்துவது, இறந்தவரிடம் யாரும் கேட்க முடியாமல் போனதுதான்.

பட்டறையில் உழைத்த நடிகர்களுக்கும் பங்கு வேண்டும் என்ற குரல் இப்போது வலுத்திருக்கிறது. ‘ஹாமில்டன்’ நாடகத்தின் தொடக்கக் கால நடிகர்கள் 2016இல் லாபத்தில் பங்கு பெற்றார்கள். நாங்கள் அதை வரவேற்கிறோம்.

புதிய பாடகர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை ஆண்டுகள், எத்தனை பாடல்கள், மாஸ்டர் யாருக்கு, உங்கள் பெயரை யார் எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், பிரிய விரும்பினால் வழி என்ன என்ற ஐந்துக்கும் தெளிவான விடை தாளில் இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தையும் உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள்.

உங்கள் இருவருக்குள் சண்டை வராதா?

வரும். பாட்டைப் பற்றிய சண்டையை நாங்கள் வரவேற்கிறோம். மற்றவற்றைப் பற்றி அஞ்சுகிறோம். இங்கிலாந்தில் 14 இசை நாடகங்கள் படைத்த கில்பர்ட்டும் சல்லிவனும் 1890இல் பிரிந்ததற்கு அரங்கக் கம்பளத்தின் செலவுக் கணக்கே காரணமாயிற்று. பின்னர் மீண்டும் சேர்ந்து இரண்டு நாடகங்கள் எழுதினார்கள். பழைய வெற்றி திரும்பவில்லை. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்த செய்தி இன்றும் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு வருத்தமாகவே இருக்கிறது. கணக்குகளை நாங்கள் இருவரும் பார்ப்பதில்லை. மூன்றாவது ஒருவர் பார்த்து, மாதம் ஒருமுறை இருவருக்கும் ஒரே நேரத்தில் காட்டுகிறார்.

உங்களிடம் பாடிக் காட்ட வருபவர் என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு பாடல்கள் போதும். ஒன்று உங்களுக்கு மிகவும் பிடித்தது. மற்றொன்று, கூட்டத்தில் பாடச் சொன்னால் நீங்கள் தவிர்த்துவிடுவது. கைபேசியில் பதிவு செய்திருந்தாலும் பரவாயில்லை. எதிரொலியோ சுருதித் திருத்தமோ சேர்க்க வேண்டாம், பின்னணி இசையும் தேவையில்லை. நேரில் வரும்போது பாடலுக்கு முன் ஐந்து நிமிடம் சும்மா பேசுவோம். அந்தப் பேச்சுக் குரலையும் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.